பச்சைச் சாயமும் பெண்ணின் வலியும்

பூவிருந்தவல்லியைக் கடந்து, திருமழிசைக்கும் அப்பால் பெங்களூர் நெடுஞ்சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் குத்தம்பாக்கம் வரும். நெல் வயலும் ஏரிப் பாசனமுமாக வாழ்ந்த ஊர். இன்று சுற்றுவட்டாரமெங்கும் தொழிற்சாலைகள். விடியுமுன்னே கம்பெனிப் பேருந்துகள் வந்து நின்று இளம்பெண்களை ஏற்றிச் செல்கின்றன. அவ்வூரிலிருந்து ஒரு தாய் நமக்கு நான்கு பக்கங்களில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். வாசகர் கடிதங்களுக்கு இரண்டு மூன்று வரிகளில் விடை கூறிவிடுவதே நம் வழக்கம். இக்கடிதத்திற்கு அவ்வாறு செய்ய மனம் ஒப்பவில்லை. இவ்வீட்டின் கதை இன்னும் எத்தனையோ வீடுகளின் கதை என்று நமக்குப் பட்டது. ஆகவே இம்மாதம் இப்பக்கங்களை முழுவதும் அத்தாய்க்கே ஒதுக்குகிறோம்.

அவருடைய மகளுக்கு வயது 24. ஒரு தொழிற்சாலையில் மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் வேலை. பெரியவளான மறு ஆண்டு தொடங்கி, மாதந்தோறும் விலக்காகும் நாட்களில் அவள் படும் வேதனை சொல்லுந்தரமன்று. இரண்டு நாட்கள் தரையிலே சுருண்டு கிடப்பாள், வாந்தியெடுப்பாள், மலம் கழிக்கும்போதும் உயிர் போகும். மாதம் மூன்று நாள் வேலைக்குப் போகாததால் சம்பளப் பிடித்தம். "கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார் பாட்டி. வெந்தயமும் சோம்புக் கஷாயமும் மருந்துக் கடை மாத்திரையுமாகப் பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்தது. "மனசுதான் காரணம், வேலைக்குப் போகச் சோம்பல்" என்று ஒரு மருத்துவர் கூறிவிட்டாராம். அந்தச் சொல்லுக்குப் பிறகு மகள் வலியென்று வாய் திறப்பதையே நிறுத்திக்கொண்டாள் எனத் தாய் எழுதுகிறார்.

இப்போது வேறொரு பெண் மருத்துவர், வயிற்றுக்குள் குழாய்விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி சிகிச்சை செய்யலாம் என்கிறார். அப்போது நரம்பில் பச்சை நிறச் சாயமொன்றை ஏற்றி, நோயுள்ள இடத்தை ஒளிரச் செய்து பார்க்கும் கருவியும் இருக்கிறதாம்; அதற்குத் தனியே பணம் கட்டவேண்டுமாம். தாயின் கேள்விகள் இவை: "இந்தச் சாயம் மெய்தானா, அல்லது பணம் பறிக்கும் வழியா? சாயம் உடம்பிலேயே தங்கிவிடாதா? கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களோ? வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இதெல்லாம் வேண்டுமா?"

முதலில் நோயைப் பற்றி. கருப்பையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் உண்டு. மாதந்தோறும் கருவை ஏற்பதற்காகத் தடித்து வளர்ந்து, கரு தங்காதபோது உதிர்ந்து குருதியோடு வெளியேறுவது இப்படலமே. இதனை ஒத்த திசு சில பெண்களுக்குக் கருப்பைக்கு வெளியே பற்றி வளர்கிறது. சினைப்பையின்மேல், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில், சிறுநீர்ப்பையின்மேல், வயிற்றறையை உட்புறம் போர்த்தியிருக்கும் சவ்வில், இப்படிப் பல இடங்களில் அது காணப்படும். மாதச் சுழற்சிக்கு அதுவும் கட்டுப்பட்டது. பருக்கும், குருதி கசியும், ஆனால் அக்குருதி வெளியேற வழியில்லை. ஆகவே அங்கேயே அழற்சி உண்டாகி, தழும்பேறி, நாளடைவில் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. சினைப்பையில் பழைய குருதி தேங்கிக் கட்டியானால் அதன் நிறங்கருதி அதனைச் 'சாக்லேட் கட்டி' என்பர்.

மருத்துவர்கள் இந்நோயை எண்டோமெட்ரியோசிஸ் என்கின்றனர். அமெரிக்காவில் ஆல்பனி நகரில் பணியாற்றிய ஜான் சாம்ப்சன் என்ற மருத்துவர் 1920-களில் இதனை விரிவாக ஆராய்ந்தார். விலக்கின்போது குருதியில் ஒரு பகுதி கருக்குழாய்களின் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் விழுந்து அங்கே வேரூன்றுகிறது என்பது அவர் 1927-இல் கூறிய விளக்கம். ஆனால் அத்தகைய பின்னொழுக்கு மிகப் பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. நோயோ சிலருக்கே வருகிறது. எனவே அவ்விளக்கம் முழுமையானதன்று என்பதை இன்று எல்லாரும் ஒப்புகின்றனர். தமிழில் இந்நோய்க்கு 'இடமகல் கருப்பை அகப்படலம்' என்று ஒரு கலைச்சொல் ஆக்கியுள்ளனர். அச்சொல்லைச் சொன்னால் மருத்துவரே விழிப்பார். ஆதலால் நாம் முதற்பெயரையே ஆள்வோம்.

இது அரிய நோயன்று. மாதவிலக்குப் பருவத்திலுள்ள பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நோய் தொடங்குவதற்கும் அதன் பெயர் தெரியவருவதற்கும் இடையே 4 முதல் 12 ஆண்டுகள் கழிந்துவிடுவதாகவும் அந்நிறுவனம் கூறுகிறது. குத்தம்பாக்கத்துப் பெண் பத்து ஆண்டுகள் காத்திருந்தாள். அவள் வீட்டார் அறியாதவர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். மருத்துவம் வளர்ந்த நாடுகளிலும் இத்தாமதம் உண்டு. விலக்கு நாளின் வலி பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இயல்பு என்ற எண்ணம் எல்லா மொழிகளிலும் பேசப்படுகிறது. சிறிது வலி இயல்புதான். பள்ளிக்கும் வேலைக்கும் போகவொட்டாமல் ஒவ்வொரு மாதமும் படுக்கையில் வீழ்த்தும் வலி இயல்பன்று. இதைப் பாட்டிமார் அறியவேண்டும். அவர்களைவிட முன்னதாக மருத்துவர்கள் அறியவேண்டும்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததே, அப்படியானால் மகள் பொய்யா சொன்னாள் என்று தாய் மனம் கலங்கியிருக்கிறார். ஸ்கேனும் பொய் சொல்லவில்லை; மகளும் பொய் சொல்லவில்லை. சினைப்பையிலுள்ள கட்டியை ஸ்கேன் நன்றாகக் காட்டும். குடற்சுவரில் ஆழமாக ஊன்றிய முடிச்சுகளைக் கூடப் பயின்ற கண்களுக்குக் காட்டும். ஆனால் சவ்வின் மேற்பரப்பில் கடுகளவும் கசகசாவளவும் படிந்திருக்கும் திட்டுகள் அதற்குப் புலப்படுவதில்லை. இன்னொரு புதிர்: நோயின் பரப்புக்கும் வலியின் அளவுக்கும் பொருத்தமே கிடையாது. வயிறெங்கும் ஒட்டிக்கிடக்க, வலியே அறியாத பெண்கள் உண்டு. நான்கைந்து புள்ளிகளோடு துடித்துப்போகிறவர்களும் உண்டு.

இத்தகைய திட்டுகளை நேரே காண்பதற்கு உள்ள வழி லேப்ராஸ்கோப்பி. கொப்பூழின் அருகே சிறு துளையிட்டு, வயிற்றறையைக் கரியமில வாயுவால் விரித்து, நுனியில் விளக்கும் கேமராவும் கொண்ட குழாயைச் செலுத்திப் பார்ப்பார்கள். முன்பெல்லாம் இப்படிப் பார்த்தால்தான் நோயென்று உறுதி கூறலாம் என்பது விதியாக இருந்தது. மனித இனப்பெருக்க மருத்துவத்திற்கான ஐரோப்பியச் சங்கம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை இவ்விதியைத் தளர்த்தியது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோதும், மருந்து கொடுத்துப் பலன் காணாதபோதும், அல்லது மருந்து பொருந்தாதபோதுமே நோயை அறிவதற்கு அறுவையை நாடலாம் என்பது அதன் சாரம். இப்பெண்ணுக்கு ஸ்கேன் ஒன்றும் காட்டவில்லை. மருந்தின் கதையைப் பின்னர்க் கூறுவோம்.

குழாய்விட்டுப் பார்த்தாலும் எல்லாம் தெரிந்துவிடுமா? அங்கேதான் சிக்கல். இந்நோய்த் திட்டுகள் பகுரூபம் கொண்டவை. சில வெடிமருந்து சிந்தினாற்போல் கருநீலப் புள்ளிகளாயிருக்கும். இவற்றை யாரும் கண்டுகொள்வர். சில செந்நிறத் தீப்பொறிபோல் இருக்கும். சில வெண்ணிறத் தழும்பாகவும், சில நீர்முத்துப்போல் நிறமே இல்லாமலும் இருக்கும். நிறமற்ற சவ்வின்மேல் நிறமற்ற முத்தைக் காண்பது எங்ஙனம்? கை தேர்ந்த மருத்துவர் காண்பதைப் புதியவர் தவறவிடுவார். தவறவிட்டது உள்ளேயே இருந்து மீண்டும் வலி தரலாம். கண்ணுக்குத் தப்புவதைக் கண்ணுக்குக் கொண்டுவரும் உபாயமே அப்பச்சைச் சாயம்.

வங்கியில் காசாளர் ரூபாய்த் தாளை ஊதா விளக்கின்கீழ் பிடித்துப் பார்ப்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத இழைகளும் எண்களும் அங்கே பளிச்சென்று ஒளிரும். ஒருவகை ஒளியை உட்கொண்டு வேறுவகை ஒளியாக உமிழும் இத்தன்மையை, கொயினா நீரிலும் ஒருவகைக் கனிமத்திலும் ஆராய்ந்து 1852-இல் அதற்குப் பெயர் சூட்டியவர் அயர்லாந்தில் பிறந்த அறிஞர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். மின்மினி வேறு, அது தானே ஒளியை ஆக்குகிறது. இதுவோ கடன் வாங்கிய ஒளியை நிறம் மாற்றித் திருப்பிக் கொடுக்கிறது. விளக்கை அணைத்தால் ஒளிர்வும் நின்றுவிடும்.

நம் சாயத்தின் பெயர் இண்டோசயனின் கிரீன். ஒளிப்படத்தொழிலுக்காகச் சாயங்களை ஆராய்ந்துவந்த கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது இது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் இர்வின் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் இதயம் செலுத்தும் குருதியின் அளவைக் கணக்கிட ஏற்ற சாயமொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். குருதியில் பிராணவாயு மிகுந்தாலும் குறைந்தாலும் அளவு மாறாத சாயம் அவருக்குத் தேவை. கோடாக்கின் பச்சைச் சாயம் அதற்கு இணங்கியது. 1957-இல் அதுபற்றி எழுதினார். 1959-இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அன்றிலிருந்து ஈரலின் செயலை அளக்கவும், கண்ணின் பின்புறத்துக் குருதிக் குழல்களைப் படம்பிடிக்கவும், பித்தப்பை அறுவையில் பித்தக் குழாயைக் காணவும் அது பயன்பட்டு வருகிறது. ஆகவே இது நேற்று முளைத்த புதுமையன்று. அறுபது ஆண்டுகளுக்கு மேல் மனித நரம்புகளில் ஓடிப் பழகிய சாயம். பெண்களின் இந்நோய்க்கு அதனைப் பயன்படுத்துவதே புதியது.

இச்சாயத்தை நம் மதுரையிலேயே ஆக்குகிறார்கள் என்பதை அறிந்தபோது நாம் வியந்தோம். அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை நிறுவனமாக 1992-இல் தோன்றிய ஆரோலேப், கண் மருத்துவத்திற்கென 'ஆரோகிரீன்' என்ற பெயரில் இதனைத் தயாரித்து வந்துள்ளது. 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் அம்மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி உண்மையில் மகப்பேற்று மருத்துவராக விரும்பியவர். உறவுப் பெண்கள் பேறுகாலத்தில் மாண்டதைச் சிறுவயதில் கண்டவர். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் தேறியபின் மூட்டுவாத நோய் தாக்கி அவர் கைவிரல்கள் கோணிப்போயின. அத்துறை அவருக்கு எட்டாமற்போயிற்று. கோணிய விரல்களாலேயே கண் அறுவையைக் கற்று, எண்ணற்றோருக்குப் பார்வை தந்து, 2006-இல் மறைந்தார். கண்ணுக்கென அவர் வழிவந்தோர் ஆக்கிய சாயமும், இன்று பெண்ணின் வயிற்றறையில் ஏற்றும் சாயமும் ஒன்றே. இது நம் தலைப்புக்குச் சற்றே விலகிய செய்திதான். ஆயினும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

இனி, அறுவைக்கூடத்தில் நடப்பது என்ன? சாயம் 25 மில்லிகிராம் தூளாகச் சிறு புட்டியில் வருகிறது. அதனைத் தூய நீரில் கரைத்துச் சில மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். இந்நோய் குறித்த பல ஆய்வுகளில் உடல் எடையின் ஒரு கிலோவுக்குக் கால் மில்லிகிராம் என்ற அளவைக் கொண்டனர். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அரைப் புட்டி போதும். நரம்பில் ஏறியவுடன் அது குருதியிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது. மருத்துவர் முதலில் வழக்கமான வெள்ளொளியில் வயிற்றறை முழுவதையும் நோக்கி, கண்ட இடங்களைக் குறித்துக்கொள்வார். பின்னர்க் கருவியின் விளக்கை அகச்சிவப்பை ஒட்டிய கதிருக்கு மாற்றுவார். ஏறக்குறைய 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள அக்கதிரை நம் கண் காணாது; ஆனால் குருதியும் நீரும் அதனை அதிகம் விழுங்காமையால் திசுவுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் வரை அது சென்று திரும்பும். சாயம் உமிழும் ஒளியும் கண்ணுக்குப் புலப்படாததே. தனிக் கேமரா அதனைப் பற்றி, திரையில் பச்சை நிறமாக நமக்கு மாற்றிக் காட்டுகிறது. வயிற்றுக்குள் பச்சை விளக்கு எரிவதாக எண்ணிக்கொள்ள வேண்டா.

நோய்த்திட்டு எதனால் ஒளிர்கிறது? புதிய இடத்தில் வேரூன்றிய திசு தன் உணவுக்காகப் புதுப்புதுக் குருதிக் குழல்களைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. அங்கே குருதி மிகுதி. ஆகவே சாயமும் மிகுதி. சுற்றியுள்ள சவ்வு மங்கிய பின்னணியாக நிற்க, திட்டு பச்சையாகத் தெரியும். எல்லாத் திட்டுகளும் இப்படியல்ல. நெடுநாள் தழும்பேறி இறுகிய முடிச்சுகளில் குருதியோட்டம் குறைவு; அவை ஒளிராமல் இருண்டே கிடக்கலாம். மறுபுறம், வேறு காரணத்தால் அழன்ற இடமும் ஒளிரக்கூடும். எனவே ஒளிர்ந்ததெல்லாம் நோயன்று, ஒளிராததெல்லாம் நலமுமன்று. வெட்டியெடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயியல் மருத்துவர் கூறுவதே முடிவு.

தாயின் முதற் கேள்விக்கு இங்கே விடை கூறவேண்டும். சாயம் மெய்யானது. அதனால் எவ்வளவு நன்மை என்பதில்தான் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ரோமாபுரியின் திரு இருதயக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, வெள்ளொளியில் புலப்படாத சில திட்டுகளைச் சாயம் காட்டியதாகத் தெரிவித்தது. ஆயினும் அதில் பங்குகொண்ட பெண்கள் முப்பது பேருக்கும் குறைவு. வேறு சில சிறு ஆய்வுகளில், அனுபவமிக்க மருத்துவரின் கண்ணைவிடச் சாயம் மிகுதியாக எதையும் காட்டவில்லை. மேலும் சில திட்டுகளைக் கண்டு அகற்றியதால் பெண்ணின் வலி நீண்டகாலம் குறைந்திருக்கிறதா என்பதல்லவா இறுதிக் கேள்வி? அதற்கு உறுதியான விடை தரத்தக்க அளவில் பெரிய ஆய்வுகள் இன்னும் போதவில்லை. ஆகவே, "சாயம் ஏற்றினால் நோய் வேரோடு போய்விடும்" என்று எவரேனும் விலை கூறினால் நம்பவேண்டா.

ஆனால் அதே சாயம் வேறிரண்டு வேளைகளில் நன்கு கைகொடுக்கிறது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் மெல்லிய குழாய்கள் இரண்டும், இந்நோய் பற்றிப் படரும் இடத்தின் வழியாகவே செல்கின்றன. எல்லாம் ஒட்டிக் கிடக்கும் வயிற்றில் அக்குழாயைக் காணாமல் வெட்டிவிடுவது அறுவையின் பெரிய ஆபத்துகளுள் ஒன்று. நரம்பில் ஏற்றிய சாயம் ஈரல் வழியாகப் பித்தத்தோடு வெளியேறுவதன்றிச் சிறுநீரில் இறங்குவதில்லை. எனவே சிறுநீர்ப்பையின் வழியே நுண்ணிய குழல்விட்டு அக்குழாய்களுக்குள்ளேயே சாயத்தைச் செலுத்துகின்றனர். பிறகு திரையில் அவை பச்சைக் கோடுகளாகத் தெரியும். கத்தி விலகிச் செல்லும். இரண்டாவது, நோய் குடலைத் துளைத்திருந்தால் ஒரு பகுதியை வெட்டி இரு முனைகளையும் இணைக்க நேரும். இணைத்த இடத்திற்குக் குருதி வருகிறதா என்பதைச் சாயம் உடனே காட்டும். குருதி வராத இணைப்பு பின்னர்ப் பிரிந்துகொள்ளும். அது உயிருக்கே உலை. நோய் ஆழமாகப் பரவியவர்களுக்குச் சாயத்திற்குக் கொடுக்கும் பணம் பயனற்றதாகாது என்பதே நம் எண்ணம். மேற்பரப்பில் சில திட்டுகள் மட்டும் உள்ளவருக்கு, கருவியின் புதுமையைவிட அதனைப் பிடிக்கும் கையின் பயிற்சியே பெரிது.

சாயம் உடலில் தங்குமா? தங்காது. குருதியில் அதன் அளவு மூன்று நான்கு நிமிடங்களுக்கொருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். ஒவ்வாமை மிக அரிது. ஆயினும் கடுமையாக வருவதும் உண்டு. பழைய வகைச் சாயத்தூளில் அயோடின் உப்பு கலந்திருப்பதால், அயோடின் ஒவ்வாதவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருத்துவர் கேட்பாரென்று காத்திருக்க வேண்டா.

கடிதத்தில் எழுதாத ஒன்றை நேரில் சென்றபோதுதான் அறிந்தோம். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் இப்பெண்ணுக்கு ஹார்மோன் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். முதல் மாதமே வலி பாதியாயிற்று. அது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்று அண்டை வீட்டார் சொல்ல, "கன்னிப்பெண்ணுக்கு இதையா கொடுப்பது, இது பாவமல்லவா" என்று பாட்டி அட்டையைக் குப்பையில் எறிந்துவிட்டாராம். மீண்டும் வலி, மீண்டும் கடை மாத்திரை. நம் வாசகர் இல்லங்களில் இத்தகைய கலக்கம் பல உண்டென்பதால் வெளிப்படையாகவே கூறுகிறோம். திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1968-இல் விடுத்த 'ஹூமானே வீத்தே' என்னும் சுற்றுமடல், கருத்தடைபற்றிய திருச்சபையின் போதனையைத் தெளிவாக்கிய மடல் என்பதை அனைவரும் அறிவர். அதே மடலின் 15-ஆம் பத்தியைப் படிப்பவர் சிலரே. உடல் நோயைத் தீர்க்கத் தேவையான மருத்துவ முறைகளால் கருவுறுதலுக்குத் தடை நேரும் என்று முன்னரே தெரிந்தாலும், அத்தடை நேரடியாக விரும்பப்படாதவரை, அம்முறைகளைத் திருச்சபை தவறெனக் கொள்வதில்லை என்று அங்கே விளக்கப்பட்டிருக்கிறது. இப்பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது நோய்க்கான மருந்து. பாட்டியிடம் இதைச் சொன்னோம். "எனக்கு யாரும் சொல்லலையே ஐயா" என்றார். அவர்மேல் குறையில்லை.

கடை மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். மாதவலிக்குப் பலரும் மருத்துவச் சீட்டின்றி வாங்கி விழுங்கும் மெஃபெனமிக் அமில மாத்திரை, சிலருக்குத் தோலையும் உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்று இந்திய மருந்துநூல் ஆணையம் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் எச்சரித்தது. மாத்திரை விஷமென்று நாம் சொல்லவில்லை. உண்டபின் காய்ச்சலோ தடிப்போ கண்டால் அதனை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகவேண்டும். பத்து ஆண்டுகள் யாரையும் கேளாமல் உண்பது முறையன்று.

கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களோ என்னும் அச்சத்திற்கு வருவோம். இளம்பெண்ணுக்கு இந்நோய்க்காகக் கருப்பையை அகற்றவேண்டிய தேவை பொதுவாக இல்லை. நோய்த்திட்டுகளை மட்டும் அகற்றி உறுப்புகளைக் காப்பதே இன்றைய முறை. கருப்பையை எடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது என்பதும் சரியன்று; திட்டுகள் இருப்பது கருப்பைக்கு வெளியே அன்றோ! ஒரு குறையையும் மறைக்காமல் கூறவேண்டும்: திறம்பட அறுவை செய்தபின்னும் நோய் சிலருக்குத் திரும்ப வருகிறது. அதனால்தான் அறுவைக்குப் பின்னும் ஹார்மோன் மருந்தைத் தொடரும்படி மருத்துவர்கள் சொல்வதுண்டு. திருமணமோ பிள்ளைப்பேறோ இந்நோய்க்கு மருந்தன்று. நோயுள்ளோரில் சிலருக்குக் கருவுறுவதில் தடை ஏற்படுகிறது. பலர் இயல்பாகவே தாயாகின்றனர். வரன் வீட்டாரிடம் இதனை மறைப்பதா சொல்வதா என்று தாய் கேட்டார். சொல்லிவிடுவதே நன்று என்றோம். சொன்னால் போய்விடும் வரன் போவதால் நட்டமில்லை என்று பாட்டியே முடித்துவைத்தார். அவரிடமிருந்து அச்சொல்லை நாம் எதிர்பார்க்கவில்லை.

அறுவைக்கு இசையுமுன் மருத்துவரிடம் கேட்கவேண்டியவற்றைத் தாய்க்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். இந்நோய்க்கான அறுவையைத் தாங்கள் அடிக்கடி செய்கிறீர்களா? ஒருமுறை உள்ளே பார்க்கும்போதே திட்டுகளையும் அகற்றிவிடுவீர்களா, அல்லது இரண்டாம் முறை வரவேண்டுமா? சினைப்பையைக் காப்பீர்களா? எடுத்த திசுவை நோயியல் ஆய்வுக்கு அனுப்பி அறிக்கை தருவீர்களா? குடலிலோ சிறுநீர்க் குழாயிலோ நோய் இருந்தால் அத்துறை மருத்துவர் உடனிருப்பாரா? சாயத்தால் என் மகளுக்கு என்ன தனி நன்மை என்று எண்ணுகிறீர்கள்? இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளும் மருத்துவரிடமிருந்து எழுந்துவந்துவிடலாம். பணம்தான் தடையென்றால், 1844 முதல் பெண்களுக்கு மருத்துவம் செய்துவரும் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையும், 2022-இல் கல்லூரி தொடங்கிய திருவள்ளூர் அரசு மருத்துவமனையும் அவ்வூராருக்கு எட்டாத தொலைவில் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர், எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நாம் அங்கே இருந்த ஒரு மணி நேரமும் மகள் அதிகம் பேசவில்லை. இரவுப் பணி முடித்து வந்து உறங்காமல் அமர்ந்திருந்தாள். சாயம், கருவி, கேமரா என்று நாம் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். புறப்படும்போது வாசல்வரை வந்து, மருத்துவமனைக்குச் செல்லும் நாட்களுக்குக் கம்பெனியில் விடுப்புக் கடிதம் எழுதவேண்டும், காரணம் என்னவென்று போடுவது என்று கேட்டாள். இதுவரை காய்ச்சல் என்றே எழுதி வந்தாளாம். நோயின் பெயரையே எழுதும்படி சொன்னோம். எழுத்துக்கூட்ட வரவில்லை என்றாள். தாயிடம் கொடுத்த தாளை வாங்கி, அதன் பின்புறத்தில் பெரிய எழுத்துகளில் எண்டோமெட்ரியோசிஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.